மூன்றாவது மாத்திரை வரை கூட வந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

பேர் போட்டு எழுதினால் பாதிப்பேர் கூச்சப்படுவீர்கள். செய்ததை மட்டும் சொல்கிறேன், உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் அத்தைக்கு. மனச்சோர்வுக்கு முதல் மாத்திரையாக எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் ஆரம்பித்த வாரம், பல் தேய்க்கும்போதே குமட்டும். “பழகிட்டா விட முடியாதாமேம்மா” என்று பயந்தவரும் நீங்கள்தான், வெறும் வயிற்றில் போடவிடாமல் இரண்டு இட்லியோடு நின்றவரும் நீங்கள்தான். எட்டு வாரத்தில் அளவை 20 ஆக்கியும் அழுகை நின்றதே தவிர சிரிப்பு வரவில்லை. கொழுந்தன் பையன் முதல் அடி எடுத்து வைத்ததைப் பார்த்து “ம்” என்றேனாம். டாக்டரிடம் அதைச் சொன்னது நீங்கள். எனக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகவே படவில்லை.

அடுத்தது வென்லாஃபாக்சின். அதில் கொஞ்சம் எழுந்து நடமாடினேன். பொங்கல் லீவில் அட்டை தீர்ந்துபோனதைக் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள், கண்ணைத் திருப்பினாலே மண்டைக்குள் சுருக்கென்று கரண்ட் அடித்தது. மருந்துக்கடை அண்ணா, இரவு பத்து மணிக்கு ஷட்டரைப் பாதி தூக்கிச் சீட்டைப் பார்த்தீர்கள். “இதைச் சட்டுனு நிறுத்தக் கூடாதும்மா, ஒரு அட்டை கையிருப்பு வெச்சுக்கங்க.” கடையில் கூட்டம் இருந்த நாளில்கூட மாத்திரை பேரை நீங்கள் சத்தமாகச் சொன்னதில்லை.

150-க்கு ஏற்றியதும் பிரஷரும் கூடவே ஏறிவிட்டது. மறுபடி மாற்றம். நான் உடைந்துபோய் உட்கார்ந்திருக்க, முதல் மருந்திலேயே முழுதாகத் தேறுகிறவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் என்றீர்கள், டாக்டர் அம்மா. சீட்டின் பின்பக்கம் தமிழில் வாரவாரியாக எழுதிக் கொடுத்தீர்கள்: பழையது 75, பிறகு 37.5, பிறகு நிறுத்தம். ராத்திரிக்கு மூன்றாவது மாத்திரை, மிர்டாசபின் 7.5, பிறகு 15. அந்தத் தாளை ஃபிரிட்ஜில் ஒட்டி, தினமும் ஒரு கோடு அடித்தேன்.

அந்த வாரங்கள்தான் மோசம். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு, அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அடித்தேன். டெலி மானஸில் பேசிய தம்பி யாரென்று இன்றுவரை தெரியாது. விடியும்வரை செய்யவேண்டியதை மட்டும் பேசினார்: கதவைத் திற, வீட்டுக்காரரை எழுப்பு, தண்ணீர் குடி. வீட்டுக்காரர் எழுந்து டீ போட்டார். வாழ்க்கையில் அவர் போட்ட முதல் டீ, சர்க்கரை இல்லை.

மிர்டாசபினில் தூக்கம் வந்தது, பசி வந்தது, ஆறு கிலோவும் வந்தது. தையல்கார அக்கா, ஏனென்று கேட்காமல் ஆறு ஜாக்கெட்டைப் பிரித்துத் தைத்தீர்கள். யோகா செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற மாடிவீட்டு அம்மாவுக்கும் நன்றி. நீங்கள் தந்த விரிப்பில் இப்போது வடகம் காய்கிறது.

கொழுந்தன் பையன் இப்போது ஓடுகிறான். துரத்துகிறேன், மூச்சு வாங்குகிறது, சிரிப்பும் வருகிறது.

காலை மந்தத்துக்காக என் முதல் பீரியடை இரண்டு மாதம் எடுத்துக்கொண்ட கணக்கு டீச்சர், உங்கள் டிபன் பாக்ஸ் மூன்றும் என் வீட்டில்தான் கிடக்கின்றன. திங்கட்கிழமை கொண்டுவருகிறேன்.