கோல்ஃப் புல்லுக்கு எதற்கு நல்ல தண்ணீர்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கோல்ஃப் என்றாலே தண்ணீரைக் குடிக்கும் பணக்கார விளையாட்டு என்று திட்டிவிட்டுப் போவது சுலபம், நானும் அப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில், வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் 2ஆம் எண் மைதானத்தில் செய்ததைப் படித்தபிறகு கொஞ்சம் யோசனை மாறியது. சுமார் 35 ஏக்கர் புல்லைப் பெயர்த்துவிட்டு, மணலும் அந்த ஊர் மண்ணுக்கே உரிய புல்லுமாக விட்டுவிட்டார்கள். 1,150 தெளிப்பான்கள் 450 ஆகக் குறைந்தன. ஓரமெல்லாம் பழுப்பாகத்தான் கிடக்கிறது, ஆனாலும் 2014 யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டி அங்கேதான் நடந்தது, ஆண்களுக்கு ஒரு வாரம், பெண்களுக்கு அடுத்த வாரம்!

சரி, நம் சென்னைக்கு வருவோம். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குத் தரும் நிலையங்கள், நாளுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனில், 2019 முதல் இருக்கின்றன. அதில் கொஞ்சம் கோல்ஃப் மைதானங்களுக்கும் போகட்டும், காசு வாங்கிக்கொண்டுதான். குழியைச் சுற்றிப் பச்சை இருந்தால் போதாதா? பந்தே போகாத ஓரத்துக்கு உரமும் பூச்சிமருந்தும் எதற்கு, மழை பெய்தால் அதெல்லாம் கால்வாயில்தானே இறங்கும்? கிளப்புகள் தாமாகச் செய்யும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. புதிதாக அனுமதி கேட்பவர்களுக்காவது அரசு இதை நிபந்தனையாக்கலாம்.

ஒரு வாசகர், வேளச்சேரி