படிவத்தில் இல்லாத ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க அரசு அலுவலகங்கள் மாநாட்டுக்கு ஹோட்டல் பிடிக்கும் விதம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தொழிற்சங்கம் உள்ள ஹோட்டல் என்றால் செலவும் கூடுதல், தலைவலியும் கூடுதல், அதனால் அதிகாரிகள் அதைத் தவிர்ப்பதே வரிப்பணத்துக்கு நல்லது என்று போகிற போக்கில் ஒரு வாக்கியம் அதில் இருக்கிறது. எழுதியவருக்கு அரை நிமிடம் ஆகியிருக்கலாம். எனக்கு அன்று இரவு தூக்கம் போய்விட்டது. நான் 22 ஆண்டுகள் ஓர் அமெரிக்க மத்திய அரசு அலுவலகத்தில் பயிற்சி மாநாடுகளுக்கு இடம் தேடி, விலைப்புள்ளி வாங்கி, ஒப்பந்தம் தயாரித்தவள்.

தாங்கள் அறியாதது இல்லை, ஆனாலும் சொல்கிறேன். அரசு ஊழியர் எந்த ஊரில் தங்கினாலும் அறை வாடகைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஆண்டுதோறும் ஊர் வாரியாக அதை அறிவிக்கிறார்கள். சங்கம் இருக்கிற ஹோட்டலும் இல்லாத ஹோட்டலும் பொதுவாக அந்த வரம்புக்குள்தான் எங்களுக்கு விலை தந்தன. பிறகு சங்கத்தால் செலவு கூடுகிறது என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? வெளியூரிலிருந்து 30 பேரோ அதற்கு மேலோ வரும் மாநாடு என்றால், பரிசீலித்த ஒவ்வோர் இடத்தின் செலவையும் கோப்பில் எழுதி வைக்க வேண்டும். நானே அப்படி எத்தனையோ கோப்புகள் கட்டியிருக்கிறேன். சங்கம் இருப்பதாலேயே ஒரு ஹோட்டல் விலையில் தோற்றதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அரசு மாநாட்டில் மஃபின் என்னும் சிறு கேக் ஒன்றுக்கு 16 டாலர் கொடுத்தார்கள் என்ற கதையும் அதே கட்டுரையில் வந்திருக்கிறது. இதை எத்தனை ஆண்டுகள் கேட்பது? 2011 செப்டம்பரில் அமெரிக்க நீதி அமைச்சகத்தின் செலவுகளைத் தணிக்கை செய்யும் தலைமை ஆய்வாளர் அலுவலகம் அப்படி ஓர் அறிக்கை வெளியிட்டது உண்மை. அடுத்த மாதமே அதே அலுவலகம் அதைத் திருத்தியதும் உண்மை. அந்தத் தொகையில் காபி, பழச்சாறு, பழம், வரி, பரிமாறும் கட்டணம் எல்லாம் அடங்கியிருந்தன. ஒரு மஃபினுக்கு 16 டாலர் கொடுத்ததாகக் கருதவில்லை என்று அந்த அலுவலகமே எழுதிவிட்டது. கதை உலகம் சுற்றியது, திருத்தம் எங்கள் மேசைகளைத் தாண்டவில்லை. தங்கள் பத்திரிகையுமா அந்தப் பழைய கதையை எடுத்துப் போட வேண்டும்?

தவறே நடக்கவில்லை என்று நான் வாதாட வரவில்லை. 2010-இல் அரசின் பொதுச் சேவை நிர்வாகம் லாஸ் வேகாஸ் அருகே சுமார் 300 பேருக்கு ஒரு மாநாடு நடத்தி 8 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்கும் மேல் செலவழித்தது. அது வெட்கக்கேடு. மற்றவர்களுக்கு விதி சொல்ல வேண்டிய அலுவலகமே அதைச் செய்தது. 2012-இல் அறிக்கை வந்ததும் அதன் தலைவர் பதவி விலகினார். அடுத்த மாதமே, ஒரு லட்சம் டாலரைத் தாண்டும் மாநாட்டுக்குத் துறையின் துணைத் தலைமையிடம் அனுமதி வாங்க வேண்டும், ஐந்து லட்சத்தைத் தாண்டினால் துறைத் தலைவரே காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு. ஆனால் அன்று முதல் இந்த வேலையில் இருந்த அத்தனை பேரும் திருடர்களாகிவிட்டோம். அரசாங்கக் காசில் நன்றாக ஊர் சுற்றினாய் என்று என் நாத்தனார் இன்றும் தொலைபேசியில் சொல்கிறார். நான் பார்த்த ஊர்கள் எல்லாம் விமான நிலையத்துக்கும் ஹோட்டலின் பின்கட்டுக்கும் இடைப்பட்டவைதான்.

பின்கட்டு என்று சொன்னதால் அந்த ஒரு மாநாட்டைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். 180 பேர் வரவேண்டிய பயிற்சி. மூன்று ஹோட்டல்களிடம் விலை கேட்டோம். குறைந்த விலை தந்த இடத்தில் தீயணைப்பு வசதி சரி, சக்கர நாற்காலி போக வழி சரி, அரங்கு சரி. படிவத்தில் இருந்த எல்லாக் கட்டங்களையும் நிரப்பிக் கையெழுத்து வாங்கினேன். மாநாட்டுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது பேச்சாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, வேலைநிறுத்தம் நடக்கும் வாசலைத் தாண்டி உள்ளே வரமாட்டேன் என்றார். எனக்கு அப்போதுதான் விஷயமே தெரியும். ஒப்பந்தத்தைப் புரட்டினேன். இயற்கைச் சீற்றம், போர், வேலைநிறுத்தம் என்று எது வந்தாலும் ஹோட்டலுக்கு விலக்கு இருந்தது. எங்களுக்கு இல்லை. விலகினால் அறை வாடகையில் பெரும்பகுதியை இழப்பீடாகக் கட்ட வேண்டும். அதனால் நடத்தினோம்.

வர மறுத்தவர்கள் நாற்பது பேருக்கு மேல். அரசு ஊழியர்களுக்கும் சங்கம் உண்டு என்பதை எங்கள் மேலதிகாரிகள் அன்று மறந்துபோனார்கள். வந்தவர்களுக்குப் படுக்கை விரிக்க ஆள் இல்லை. தாழ்வாரத்தில் அழுக்குத் துண்டுகள் குவியலாகக் கிடந்தன. வேறு ஊரிலிருந்து வரவழைத்த மேலாளர்கள் கை நடுங்கக் காபி ஊற்றினார்கள்.

வாசலில் பதாகை பிடித்து நின்றவர்களில் ஒரு பெண், இடம் பார்க்க நான் முதலில் வந்தபோது என் அறையைச் சுத்தம் செய்தவர். ஒரு நாளைக்குப் பதினாறு அறை என்றார். ஒவ்வொரு அறையிலும் அந்தக் கனத்த மெத்தையைத் தூக்கி விரிப்பைச் செருக வேண்டும். முழங்காலில் மண்டியிட்டுக் குளியலறையைத் தேய்க்க வேண்டும். என்னைப் பார்த்து அவர் கோபப்படவில்லை. நிர்வாகத்தோடு எங்கள் ஊதிய ஒப்பந்தம் காலாவதியாகி ஒன்பது மாதம் ஆகிறது, அன்றைக்கே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்றார். அன்றைக்கு நான் அவரிடம் கூடுதலாக ஒரு தலையணை மட்டும்தான் கேட்டேன்.

ஆசிரியர் அவர்களே, தலைவலி எங்கிருந்து வந்தது? சங்கம் இருந்ததாலா, முடிந்துபோன ஒப்பந்தத்தைப் பற்றி எவரும் விசாரிக்காததாலா?

ஊர் திரும்பியதும் எங்கள் படிவத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் குறிப்பு அனுப்பினேன். ஊழியர்களோடு ஊதிய ஒப்பந்தம் உண்டா, அது எப்போது முடிகிறது, இப்போது தகராறு ஏதும் இருக்கிறதா, அவ்வளவுதான். அரசு நடுநிலை காக்க வேண்டும், இதையெல்லாம் கேட்கக்கூடாது என்று குறிப்பு திரும்பி வந்தது. நான் பணியில் இருந்த காலத்துக் கொள்முதல் விதிகளை மனப்பாடமாகச் சொல்வேன். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான தகராறில் அரசு அலுவலகம் ஒரு பக்கம் சாயக்கூடாது, சமரசம் பேசப் போகக்கூடாது என்று அவற்றில் இருக்கிறது. கொள்முதலைப் பாதிக்கக்கூடிய தொழில் தகராறுகள் பற்றிய தகவல் உடனுக்குடன் கிடைக்கும்படி இரு தரப்போடும் நல்லுறவு வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே பகுதியில்தான் இருக்கிறது. முதல் பாதியை எல்லோரும் படிக்கிறார்கள்.

வேலைநிறுத்தம் செய்தவர்களுக்குப் பதிலாக நிரந்தரமாக வேறு ஆட்களை வைத்த நிறுவனங்களுக்கு அரசு ஒப்பந்தம் தராமலிருக்க 1995-இல் அதிபர் கிளிண்டன் உத்தரவிட்டார். அடுத்த ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லாது என்றது. அரசு தன் பணப்பையைத் தண்டனைக் கோலாக்கக் கூடாது என்றால் சரி, ஏற்கிறேன். ஒரு தேதியைக் கேட்பதா தண்டனை? இதோடும் முடியவில்லை. அரசுக்குச் சேவை செய்யும் ஒப்பந்தங்களில் அந்தந்தப் பகுதியில் நிலவும் கூலியைக் கொடுக்க வேண்டும் என்று 1965-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. மாநாட்டுக்கான ஹோட்டல் ஒப்பந்தங்களுக்குச் சில நிபந்தனைகளோடு அதிலிருந்தும் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் பெயர் எங்கள் கோப்பில் எந்த வழியாகவும் நுழைய முடியாது.

நான் பேச வந்தபோதெல்லாம் அமெரிக்காவின் போர்ட்டோ ரிக்கோ தீவில் ஒரு ஹோட்டலுக்குத் தீ வைத்த கதையைச் சொல்லி என் வாயை அடைத்தார்கள். 1986 டிசம்பர் 31, சான் ஹுவான் நகரின் டுபான்ட் பிளாசா ஹோட்டல். தொழில் தகராறு நடந்துகொண்டிருந்தபோது ஊழியர்கள் மூவர் வைத்த தீயில் ஏறக்குறைய நூறு பேர் இறந்தார்கள். அந்தக் கொடுமைக்கு எந்த நியாயமும் கிடையாது. அவர்கள் சிறைக்குப் போனதே சரி. 1980-இல் லாஸ் வேகாஸில் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டல் எரிந்து 85 பேர் இறந்ததும் இந்தத் தீயும் சேர்ந்துதான் 1990-இல் ஹோட்டல் தீப்பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தன. அறைக்கு அறை புகை எச்சரிப்புக் கருவி, மூன்று மாடிக்கு மேலென்றால் தானாக நீர் தெளிக்கும் அமைப்பு. இவை இல்லாத இடத்தில் அரசுப் பணத்தில் மாநாடு நடத்தக்கூடாது. அந்தச் சட்டத்தின் கட்டத்தில் நான் நூற்றுக்கணக்கான முறை டிக் அடித்திருக்கிறேன். கூரையிலிருந்து தண்ணீர் வருமா என்று கேட்கக் கற்றுக்கொண்டோம். கீழே வேலை செய்பவர்களோடு நிர்வாகம் பேசிக்கொண்டிருக்கிறதா என்று கேட்க மட்டும் ஏன் இத்தனை பயம்?

இப்படிக் கேட்காமல் இருப்பதால் பிரச்சினை மறைந்துவிடுவதும் இல்லை. சிகாகோவின் காங்கிரஸ் பிளாசா ஹோட்டலில் 2003-இல் தொடங்கிய வேலைநிறுத்தம் 2013 வரை, பத்து ஆண்டுகள் நடந்தது. 2018-இல் எட்டு நகரங்களில் மேரியட் ஹோட்டல் ஊழியர்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே வந்தார்கள். பிழைக்க ஒரு வேலை போதுமானதாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் பதாகை. 2024-இல் மறுபடியும், செப்டம்பரில் வரும் அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டி, பல நகரங்களில் ஹோட்டல் ஊழியர்கள் வெளியே வந்தார்கள்.

தங்கள் இதழிலேயே சில ஆண்டுகளுக்கு முன் ஹோட்டலில் டிப்ஸ் மிச்சம் பிடிக்க வழி சொல்லி ஒரு பக்கம் வந்தது. அப்போதும் எழுதினேன். நாலு வரியாகச் சுருக்கிப் போட்டீர்கள். அதில் அறை சுத்தம் செய்யும் பெண்கள் என்ற சொற்களே இல்லை. மனம் நொந்தேன், சந்தாவை நிறுத்தவில்லை.

இப்போது நான் கேட்பது இரண்டே. அடுத்த இதழில் மஃபின் பற்றிய திருத்தத்தைக் கட்டுரை வந்த அளவு எழுத்திலேயே போடுங்கள். தங்களைப் படிக்கும் அமெரிக்கத் தமிழ்ச் சங்கத்தார் பலர் ஆண்டு விழாவுக்கு ஹோட்டல் பிடிப்பவர்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் ஊழியர் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று விசாரிக்கவும், வேலைநிறுத்தம் வந்தால் ஹோட்டலுக்கு இருக்கும் விலக்கு விழா நடத்துபவர்களுக்கும் வேண்டும் என்று எழுதி வாங்கவும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

கடிதம் நீண்டுவிட்டது. சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் என் குறிப்பு திரும்பி வந்த கதையை எடுத்துவிடுங்கள். பதினாறு அறை என்று சொன்ன பெண் இருக்கும் பத்தி அப்படியே இருக்கட்டும்.

தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மேரிலாந்து