நள்ளிரவு முதல் எதுவும் அருந்தக்கூடாது என்று எழுதுவோருக்கு

மகப்பேறு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய உணவுக் கட்டுப்பாடுகளை வகுக்கும் மயக்க மருந்து நிபுணர்களுக்கும் மகப்பேறு மருத்துவர்களுக்கும் வணக்கம்.

திட்டமிட்ட சிசேரியனுக்கு வரும் தாயிடம் "நள்ளிரவுக்குப் பிறகு தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம்" என்று சொல்லும் வழக்கம் இன்னும் பல இடங்களில் நீடிக்கிறது. அந்த ஒற்றை வரி தண்ணீரையும் பாலையும் சோற்றையும் ஒரே தட்டில் வைக்கிறது. இரைப்பையோ அவற்றை அப்படி நடத்துவதில்லை. அருந்தும் பானம் எது என்பதைப் பொறுத்தே விதி அமைய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

புரையேறுதல் பற்றிய உங்கள் அச்சம் எங்கிருந்து வந்தது என்பதை அறிவேன். நியூயார்க்கின் மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் 1932 முதல் 1945 வரை நிகழ்ந்த 44,016 பிரசவங்களை ஆராய்ந்த மருத்துவர் மெண்டல்சன், மயக்கத்தில் இருந்தபோது இரைப்பையில் உள்ளவை மூச்சுக்குழாய்க்குள் புரையேறிய 66 தாய்மாரைப் பற்றி 1946இல் எழுதினார். அவர்களில் இறந்தவர் இருவர். இருவரும் திட உணவு மூச்சுப்பாதையை அடைத்ததால் இறந்தனர். அக்காலத்தில் மூச்சுக்குழலில் குழாய் பொருத்தாமல், முகமூடி வழியாக ஈதரையும் வாயுவையும் கொடுத்தே மயக்கினார்கள். இன்று பெரும்பாலான சிசேரியன்கள் முதுகில் ஊசி போட்டு, தாய் விழித்திருக்கும்போதே நடக்கின்றன. ஆபத்து முற்றிலும் நீங்கிவிடவில்லை. முழு மயக்கம் தேவைப்படும் அவசரம் எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஆயினும் திட உணவினால் விளைந்த மரணங்கள் தண்ணீரைத் தடுக்கும் விதிக்குச் சான்றாகிவிட்டது வியப்புக்குரியது.

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இரைப்பை மந்தமாகிவிடும் என்ற நம்பிக்கையையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் உணவுக்குழாயின் கீழ்முனைத் தசையைத் தளர்த்துகிறது, வளர்ந்த கருப்பை இரைப்பையை மேல்நோக்கித் தள்ளுகிறது, நெஞ்செரிச்சல் மிகுகிறது. இவையெல்லாம் உண்மை. ஆனால் உள்ளிருப்பது மேலே எதுக்களிப்பது வேறு, அது கீழே சிறுகுடலுக்கு இறங்கும் வேகம் வேறு. பிரசவ வலி தொடங்காத, நிறைமாதத் தாய்மாரிடம் 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்த இறங்கும் வேகத்தை அல்ட்ராசவுண்ட் மூலமும், பாராசிட்டமால் இரத்தத்தில் சேரும் வேகத்தைக் கொண்டும் அளந்தது. (பாராசிட்டமால் பெரும்பாலும் சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது, அது இரத்தத்தில் தோன்றினால் இரைப்பை அதை வெளியே விட்டுவிட்டது என்று பொருள்.) 300 மில்லிலிட்டர் தண்ணீரில் பாதி வெளியேறச் சராசரியாக 24 நிமிடமும், 50 மில்லிலிட்டர் தண்ணீரில் பாதி வெளியேற 33 நிமிடமும் ஆயின. கூடுதலாகக் குடித்த நீர் விரைவாக இறங்கியது! இரைப்பை விரியும்போது அதன் தசைகள் தூண்டப்படுவதால் இது நிகழ்கிறது. உடல்பருமன் மிகுந்த நிறைமாதத் தாய்மாரிடம் 2007இல் இதே முறையில் செய்த ஆய்வும் 300 மில்லிலிட்டர் தண்ணீர் இரைப்பையில் தேங்கவில்லை என்றே காட்டியது. மேலும், எதுவும் அருந்தாத இரைப்பை காலியாகவே இருக்கும் என்பதும் சரியன்று. அது தன் அமிலத்தைத் தானே சுரந்துகொண்டிருக்கும்.

எல்லாப் பானங்களும் தண்ணீரைப் போன்றவை அல்ல என்பதே என் வாதத்தின் மறுபாதி. சர்க்கரை கலந்த பானம் அதிலுள்ள ஆற்றலுக்கு ஏற்ப, ஏறத்தாழ நிமிடத்துக்கு 2 முதல் 3 கலோரி என்ற அளவில் வெளியேறுகிறது. 50 கிராம் மாவுச்சத்துக் கரைத்த 400 மில்லிலிட்டர் பானத்தில் சுமார் 200 கலோரி இருப்பதால், அது முழுவதும் இறங்க ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகலாம். தெளிந்த நீர்மங்களுக்கு, அதாவது தண்ணீரைப் போலக் கொழுப்பும் சக்கையும் இல்லாத பானங்களுக்கு, அறுவைக்கு முன் விட வேண்டிய இரண்டு மணி நேர இடைவெளிக்குள் அது அடங்கிவிடும். நீரிழிவு உள்ள தாய்க்கு மட்டும் இதைத் தனியே முடிவுசெய்ய வேண்டும். பாலின் கதை வேறு. இரைப்பை அமிலத்தில் அது திரிந்து கட்டியாகிறது. அதிலுள்ள கொழுப்பும் புரதமும் இரைப்பையின் இயக்கத்தைத் தாமதப்படுத்துகின்றன. ஆகவே அதைத் திட உணவாகக் கருதி 6 மணி நேரம் ஒதுக்குவதே முறை. மொத்த அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாத பால் சேர்ந்த தேநீரைத் தெளிந்த நீர்மமாகக் கொள்ளலாம் என்று 2011ஆம் ஆண்டின் ஐரோப்பிய மயக்கவியல் வழிகாட்டி கூறுகிறது. ஆனால் பால் எவ்வளவு என்று வீட்டில் யாரும் அளந்து ஊற்றுவதில்லை என்பதால், "பால் கலக்காத தேநீர்" என்றே எழுதுமாறு பரிந்துரைப்பேன். சக்கையின்றி வடிகட்டிய பழச்சாறும் கடுங்காப்பியும் அருந்தத் தக்கவை. வாயு நிரப்பிய குளிர்பானமும் தெளிந்த நீர்மங்களின் பட்டியலில் இடம்பெறுகிறது என்றாலும், நெஞ்செரிச்சலால் ஏற்கெனவே அவதிப்படும் தாய்க்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிரசவ வலி தொடங்கிவிட்டால் நிலை மாறுகிறது. அப்போது இரைப்பை மெதுவாக இயங்கலாம். பெத்தடின் போன்ற அபினி வகை மருந்து கொடுத்தால் மேலும் மந்தமாகும். அதனால் நான் கேட்கும் தளர்வு அங்கே கட்டுப்பாடின்றிச் செல்லக்கூடாது. எனினும், ஆபத்துக் குறைந்த தாய் பிரசவத்தின்போது பருகவும் உண்ணவும் உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரை இடமளிக்கிறது. அத்தகைய தாய்மார் 3,130 பேர் பங்கேற்ற ஐந்து ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளை முறைப்படி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு தொகுத்த மதிப்பாய்வும், கட்டுப்படுத்துவதால் நன்மையோ தீமையோ விளைந்ததாகக் காணவில்லை. புரையேறுதல் மிக அரிதானது என்பதால் இத்தனை பேரை வைத்து அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இயலாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஐயம் எழும் இடத்தில் படுக்கையருகிலேயே அல்ட்ராசவுண்டில் இரைப்பையின் அடிப்பகுதியைப் பார்க்க முடியும் என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள்.

ஆகவே, திட்டமிட்ட அறுவைக்கான உங்கள் அறிவுரைத் தாளில் "நள்ளிரவு" என்ற சொல்லை நீக்கி, மயக்கம் கொடுக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, இலகுவான உணவுக்கும் பாலுக்கும் 6 மணி நேரம், தெளிந்த நீர்மங்களுக்கு 2 மணி நேரம் என்று பானங்களின் பெயரோடு எழுதுங்கள். காலை 11 மணிக்கு அறுவை என்றால் 9 மணி வரை தாய் தண்ணீர் அருந்தலாம் என்பது அத்தாளிலேயே தெரியட்டும். அறுவை அரங்கில் முந்தைய நோயாளிக்கு நேரம் நீண்டு, காத்திருக்கும் தாயின் முறை பிற்பகலுக்குத் தள்ளிப்போனால், அந்தச் செய்தியை உடனே வார்டுக்குச் சொல்லி, அவருக்கு மறுபடியும் தண்ணீர் கொடுக்கச் சொல்லும் பொறுப்பை அன்றைய பணியில் உள்ள ஒருவரிடம் பெயர் குறித்து ஒப்படையுங்கள்.

இப்படிக்கு,
மகப்பேறு நலம் குறித்து எழுதிவரும் ஒருவர்