அப்பா தனி ஆளாக மில் நடத்தவில்லை

அன்புடையீர், வணக்கம்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் போன வாரம் முடிந்தது. வந்திருந்தவர்களிடம் நின்று நாலு வார்த்தை பேச முடியவில்லை. சிலரைப் பந்தியில் பார்த்தேன், தேடிப் போவதற்குள் கிளம்பிவிட்டார்கள். அதனால்தான் இந்த மடல்.

எங்கள் நூல் மில்லின் கேட் பக்கத்தில் கட்டிய பேனரில் 'தனி ஆளாக உழைத்து உயர்ந்தவர்' என்று போட்டிருந்தார்கள். அன்போடு போட்டதுதான், அவர்களுக்கும் நன்றி. ஆனால் அப்பா பார்த்திருந்தால் அந்த ஒரு வரியை மட்டும் எடுக்கச் சொல்லியிருப்பார்.

கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் மில் வந்தது 1888-ல். 1930களில் நீலகிரியில் இருந்து பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்தபிறகு மில்கள் வரிசையாக எழும்பின. அந்தப் பெரிய மில் குடும்பங்கள் எதிலும் அப்பா பிறக்கவில்லை. தாத்தா பல்லடம் பக்கம் மானாவாரியில் பருத்தி போட்டவர். அப்பா ஒரு மில்லில் ஆட்களின் வருகையைப் பதியும் டைம் ஆபீஸில் வேலை பார்த்து, அப்புறம் கழிவுப் பஞ்சு வாங்கி விற்று, 1986-ல் மூடிப்போன ஒரு மில்லின் பழைய ஸ்பின்னிங் ஃபிரேம்கள், அதாவது நூல் நூற்கும் மிஷின்கள், நான்கை ஏலத்தில் எடுத்தார். கையில் இருந்த பணம் ஏலத்துக்கே சரியாகிவிட்டது. அவற்றைக் கழற்றி, லாரியில் ஏற்றி வந்து, இங்கே மறுபடி மாட்டி ஓடவைத்தவர்கள் மூன்று ஃபிட்டர்கள். நூல் விற்றதும் கூலி தந்தால் போதும் என்றார்கள். நூல் விற்றுக் காசு வர எட்டு மாதம் ஆனது. ஒருவர்கூட இடையில் வந்து கேட்கவில்லை. அவர்களில் ஒருவர் இன்று இல்லை, அவருடைய மகள் காரியத்துக்கு வந்திருந்தார். அக்கா, முதல் நன்றி உங்கள் வீட்டுக்கு.

அடுத்து, பஞ்சு புரோக்கர் ஐயா. அப்பாவுக்குப் பஞ்சு பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். பேலில், அதாவது பஞ்சுப் பொதியில், இருந்து ஒரு கொத்து பிய்த்து, இரண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, இழுத்து இழுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இழைகள் நேராகி நிற்கும். அதன் நீளத்தைப் பார்த்து, எந்த நம்பர் நூலுக்கு, அதாவது எவ்வளவு மெல்லிய நூலுக்கு, ஆகும் என்று அப்பா சொல்லிவிடுவார். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசி போட்டுவிட்டு வைத்துப் போன பஞ்சை எடுத்து அதே மாதிரி இழுத்துப் பார்த்தார். "குட்டை இழை" என்றார். அவர் எனக்குத் தெளிவாகச் சொன்ன கடைசி வார்த்தைகளில் அது ஒன்று.

2011 மார்ச்சில் பஞ்சு விலை கேண்டிக்கு 60,000 ரூபாயைத் தாண்டியதை மில்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு கேண்டி 356 கிலோ, ஏறக்குறைய இரண்டு பேல். இன்னும் ஏறும் என்று பயந்து அப்பா அந்த விலைக்கே வாங்கிப் போட்டார். சில மாதத்தில் விலை 40,000-க்கும் கீழே போய்விட்டது. நூலுக்கு ஆர்டர் கொடுத்திருந்தவர் எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். அந்தச் சமயத்தில் ஐயா, நீங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு, "பணம் எப்போ முடியுமோ அப்போ குடுங்க, மில்லை நிறுத்திராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். பதினான்கு மாதம் காத்திருந்தீர்கள். வட்டி என்ற பேச்சே எடுக்கவில்லை.

அந்தச் சுமை இறங்குவதற்குள் 2012 மின்வெட்டு. சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். வெளியில் இருப்பவர்களுக்கு மின்சாரம் போனால் மிஷின் நிற்கும், வந்தால் ஓடும் என்றுதான் தோன்றும். ஸ்பின்னிங்கில் அப்படி இல்லை. ஃபிரேம் திடீரென்று நின்று மறுபடி ஓடும்போது இழைகள் வரிசையாக அறுந்துபோகும். நூலை முறுக்கிச் சுற்றும் ஒவ்வொரு கதிராகப் போய், பாபினில் நூல் நுனியைத் தேடி எடுத்து, மேலே உருளையில் இருந்து வரும் இழையோடு ஒட்ட வேண்டும். நூற்றுக்கணக்கான கதிர்கள். எல்லாம் ஒட்டி முடித்து நிமிரும்போது மறுபடி மின்சாரம் போய்விடும். ஃபிரேமைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் சைடர் அக்காமார்கள் அந்த வருஷம் முழுக்க இதைச் செய்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மின்சாரம் வரும் என்றால் இரண்டு மணிக்கு ஃபிரேம் பக்கத்தில் நிற்பார்கள். இருட்டில் பஞ்சு மூட்டைமேல் சாய்ந்து தூங்கியவர்களை எழுப்ப மனசு வராமல் அப்பா நின்றுகொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கை எரியும், விரல் நுனி வெடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வேலை செய்தீர்கள். அப்போது உங்களுக்குப் பேசிய சம்பளம் மட்டும்தான் கொடுக்க முடிந்தது. உங்கள் உழைப்புக்கு அது குறைவு என்று அப்பாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

சென்னிமலையில் பெட்ஷீட் நெய்யும் தறிக்காரர்களுக்கும் சொல்ல வேண்டும். சிட்டமாக, அதாவது கற்றையாகச் சுற்றிய எங்கள் நூலுக்கு முன்பணம் கொடுத்து, வண்டி தாமதமானாலும் வேறு மில்லுக்குப் போகாமல் காத்திருந்தீர்கள். நூலில் கனம் ஏறி இறங்கியபோது சண்டை போடாமல், கெட்டுப்போன சிட்டத்தையே கையில் கொண்டுவந்து காட்டினீர்கள். அதைச் சரிசெய்ய வழி காட்டிய, ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவின் பரிசோதனைக்கூடத்தாருக்கும், ஆஸ்பத்திரியில் அப்பாவை அப்பாவாகவே பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், வீட்டில் மூன்று வாரம் அடுப்பை எரியவிட்ட தெருக்காரர்களுக்கும் எங்கள் வணக்கம்.

இன்னும் ஒன்று. 2012 கடைசியில் மூன்று ஷிஃப்டை ஒன்றாகக் குறைத்தபோது பதினோரு பேர் வேலையை விட்டுப் போனார்கள். பணிக்கொடையைத் தவணையாகத்தான் கொடுக்க முடிந்தது. ஒன்பது பேருக்கு முழுதும் போய்விட்டது. பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் இருந்த இருவர் திண்டுக்கல் பக்கம் குடிபோனதாகக் கேள்வி, பழைய முகவரியில் இல்லை. அவர்களுக்குக் கடைசித் தவணை பாக்கி இருக்கிறது. அப்பா இதைப் பற்றி இரண்டு முறை நினைவுபடுத்தினார். பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அவர்களைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், மில் கேட்டில் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். நானே நேரில் போய்க் கொடுத்துவிடுகிறேன்.

நன்றியுடன்,
மகள்