மதில் தெரிகிறது, சிறுபாலம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலம் நெருங்கினால் கணினி வெள்ள வரைபடங்கள் பற்றிய செய்திகள் உங்கள் நாளிதழிலும் வரத் தொடங்கிவிடுகின்றன. எல்லாவற்றிலும் ஒரே பெருமை: ‘1 மீட்டர் அளவுக்குத் துல்லியம்’. நீரியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் 26 ஆண்டுகள் அணைகளுக்கும் ஆறுகளுக்கும் சிறுமாதிரி கட்டியவன் நான். இதைப் படிக்கும்போதெல்லாம் நான் கட்டிய முதல் மாதிரிதான் நினைவுக்கு வருகிறது.

ஓர் ஆற்றுப் பாலத்தை நூறில் ஒரு பங்காகக் கட்டச் சொன்னார்கள். அந்த அளவில் விநாடிக்கு 1 லட்சம் கனஅடி வெள்ளம் வெறும் 1 கனஅடி. ஒரு நாள் வெள்ளம் 2 மணி 24 நிமிடத்தில் முடிந்துவிடும். தூண்களின் அடிப்படிகள், கரையின் கல்பதிப்பு, மணல்திட்டு என எதையும் விடவில்லை. தண்ணீரைத் திறந்தால், கரையோரம் அது ஓடவே இல்லை. எண்ணெய்த் தட்டில் தெளித்ததுபோலத் திரண்டு நின்றது. ஆற்றில் 1 மீட்டர் ஆழம் இங்கே 1 சென்டிமீட்டர். அவ்வளவு சிறிய ஆழத்தில், நீரைத் திரட்டிப் பிடிக்கும் பரப்பு இழுவிசை வைத்ததுதான் சட்டம். மணலையும் நூறில் ஒன்றாகப் பொடித்தால் வண்டலாகி ஒட்டிக்கொள்ளும். மேலதிகாரி வந்து பார்த்துவிட்டு, “பார்க்க ஆறு மாதிரியே இருக்கிறது தம்பி, ஓடத்தான் மாட்டேன் என்கிறது” என்றார்.

ஆழத்தை மட்டும் கூட்டி மறுபடி கட்டினோம். மணலுக்குப் பதில், எளிதில் நகரும் நிலக்கரித்தூள். அடிப்படிகளை இடித்தேன். (கொத்தனார் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.) பார்ப்பதற்கு அசிங்கமான அந்தப் பள்ளத்தில்தான் நீர்மட்டம் பழைய வெள்ளக் குறிகளோடு ஒத்துப்போனது.

கணினியிலும் இதே கதைதான். நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துத்தான் அது கணக்கிடுகிறது. கட்டத்தின் பக்க நீளத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் 4 மடங்கு. கால இடைவெளியையும் பாதியாக்க வேண்டியிருப்பதால் கணக்கு ஏறக்குறைய 8 மடங்கு. 10 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்குப் போனால் 1,000 மடங்கு. இத்தனை பாடுபட்டு எங்கள் பகுதிக்குத் தயாரித்த வரைபடத்தைப் பேரன் காட்டினான். என் வீட்டு மதில் இருக்கிறது, கிணற்று மேடை இருக்கிறது, பக்கத்து வீட்டில் நின்ற வேன்கூட ஒரு மேடாகப் பதிவாகியிருக்கிறது. சாலைக்கு அடியில் குழாய் வழியாக நீரைக் கடத்தும் தெருமுனைச் சிறுபாலம் இல்லை. வானிலிருந்து பார்க்கும் லேசருக்கு அது வெறும் சாலை. அதனால் வரைபடத்தில் சாலைக்கு மேற்கே நீர் ஏரிபோல் தேங்கி நிற்கிறது; எங்கள் தெரு காய்ந்து கிடக்கிறது. நிஜத்தில் அந்தக் குழாய் வழியாகத்தான் முழங்கால் அளவு தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

நுணுக்கமே வேண்டாம் என்பவனல்ல நான். ஏரி நிரம்ப எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டால், நீர்ப்பிடிப்புப் பகுதியைச் சில துண்டுகளாகப் பிரித்தாலே பெரும்பாலும் போதும். என் வாசற்படி நனையுமா என்று கேட்டால், சிறுபாலத்தின் அளவும், புதிதாகப் போட்ட சாலை எத்தனை அங்குலம் உயர்ந்திருக்கிறது என்பதும் வேண்டும். அவற்றை ஐப்பசிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்துபோய்த்தான் பார்க்க வேண்டும்.

எனவே, அடுத்த முறை இத்தகைய வரைபடத்தை வெளியிடுவோரிடம் உங்கள் நிருபர், எத்தனை சிறுபாலங்களை நேரில் போய் அளந்தீர்கள் என்றும் ஒரு கேள்வி கேட்கட்டும். எங்கள் தெருமுனையில் உள்ளதை நானே டேப் பிடித்து அளந்து வைத்திருக்கிறேன்: உள்விட்டம் 24 அங்குலம், அதில் வண்டல் 11 அங்குலம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர்,
சென்னைப் புறநகர்.