ஊசி போட்டார்களா, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்கு மூட்டு வலி அப்படியேதான். அமெரிக்க ராணுவப் பயிற்சியில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். இருக்கட்டும். ஆறு வாரம் ஆகிறது.

பயிற்சி ஜார்ஜியா மாநிலத்தில் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு 1898 நினைப்புதான். அந்த வருஷம் அமெரிக்கா ஸ்பெயினோடு போட்ட சண்டைக்குச் சேர்ந்த பையன்களை அந்த மாநிலத்துச் சிக்கமாகாவில்தான் கூடாரம் போட்டு வைத்திருந்தார்கள். சண்டை நடந்த கியூபா அப்போது ஸ்பெயின் கையில் இருந்தது. பலர் அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் டைபாய்டு. தோண்டினால் பாறை, அதனால் மலக்குழிக்கு ஆழமில்லை. மழை வந்தால் நிரம்பி வழியும். மேலே சுண்ணாம்பு தூவினார்கள். வால்டர் ரீட் என்ற ராணுவ டாக்டரின் குழு போய்ப் பார்த்தபோது, சாப்பாட்டில் உட்கார்ந்த ஈக்களின் கால்கள் வெள்ளையாக இருந்தன. எல்லாம் அந்தச் சுண்ணாம்பு! நோயாளியைத் தொட்ட கையைக் கழுவாமலே சாப்பிட்டவர்களும் உண்டு. அந்தக் குழு பல முகாம்களையும் சேர்த்து எடுத்த கணக்கில் 20,000 பேருக்கு மேல் காய்ச்சல், 1,500 பேருக்கு மேல் சாவு. அந்தப் போரில் எதிரியின் குண்டுக்குச் செத்த அமெரிக்கர்கள் 400 பேர்கூட இல்லை.

சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. 1911ல் அந்த ராணுவத்தில் டைபாய்டு ஊசி கட்டாயமானது. உனக்குப் போட்டார்களா?

கியூபாவை அமெரிக்காதான் விடுவித்தது என்று போன தடவை வாதாடினாய். நீ படித்துப் பேசியது எனக்குப் பெருமைதான், ஆனால் பாதிதான் படித்திருக்கிறாய். 1895ல் கியூபாக்காரர்களே ஸ்பெயினை எதிர்த்துக் கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்குச் சோறு கிடைக்கக் கூடாதென்று ஸ்பெயினின் வெய்லர் தளபதி கிராமத்து ஜனங்களை ஊர்களுக்குள் அடைத்தான். பசியிலும் நோயிலும் லட்சம் பேருக்குக் குறையாமல் செத்தார்கள். அமெரிக்க ஜனங்கள் கொதித்தது நியாயம். அங்கே சர்க்கரை ஆலையில் அவர்கள் பணமும் இருந்தது, பத்திரிகைகளும் தூபம் போட்டன.

1898 பிப்ரவரி 15 ராத்திரி கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் அமெரிக்காவின் மெய்ன் போர்க்கப்பல் வெடித்து 260 பேருக்கு மேல் போனார்கள். வெளியே வைத்த கண்ணிவெடி என்று ஐந்தே வாரத்தில் விசாரணை முடித்தார்கள். ஏப்ரலில் போர். 1976ல் ரிக்கோவர் என்ற அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஆள் வைத்து ஆராய்ந்தபோது, கப்பலுக்கு உள்ளேயே தீப்பிடித்திருக்கலாம் என்று வந்தது. குவித்த நிலக்கரி தானாகவே சூடேறும், வெளியே தெரியாது. இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கமே வெடிமருந்து. மறுத்துப் பேசுகிறவர்கள் இன்றும் உண்டு.

மே 1ல் பிலிப்பைன்ஸின் மணிலா விரிகுடாவில் கடற்சண்டை, ஜூலை 1ல் கியூபாவின் சான் ஹுவான் குன்றில் சண்டை. அங்கே நியூயார்க் பையன்களிடம் இருந்தது பழைய ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கி. ஒரு தடவை சுட்டாலே வெள்ளைப் புகை எழும், அதைக் குறிவைத்து எதிரி சுடுவான். ஸ்பெயின்காரனின் மவுசர் துப்பாக்கி புகையே விடாது. பத்திரம் தம்பி, கொடுக்கிற சாமானை நீயே சரிபார். ஜூலை 3ல் ஸ்பெயின் கப்பல்கள் அழிந்தன, ஆகஸ்ட் 12ல் சண்டை நின்றது. டிசம்பரில் பாரிஸில் 2 கோடி டாலர் கொடுத்து பிலிப்பைன்ஸை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. ஸ்பெயினை எதிர்த்துப் போராடிய அந்த ஊர்க்காரர்களை யாரும் கேட்கவில்லை. 1899 பிப்ரவரியில் அவர்கள் அமெரிக்கா மேலேயே துப்பாக்கி தூக்க வேண்டியதாயிற்று. விடுவிக்கப் போகிறோம் என்று சேர்ந்த பையன்களையே அங்கேயும் அனுப்பினார்கள். எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் இதுதான்.

நீ கையெழுத்துப் போட்டதைச் சொன்ன அன்று உன் சிநேகிதன்மேல் பழியைப் போட்டுப் போனை வைத்துவிட்டேன். அவன் என்ன செய்தான், பாவம். அண்ணன் படிப்புக்கு வயலை விற்றேன். உன் முறை வந்தபோது கையை விரித்தேன். உன் படிப்புக் கடனை அடைக்கத்தான் நீ ராணுவத்தில் சேர்ந்தாய். நீ வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் எனக்குத் தெரியும். அது என் தப்பு, தம்பி.

சாப்பிடும் முன் கையைக் கழுவு. ஊசி போட்டாயிற்றா என்று ஒரு வரியாவது எழுது. அம்மாவுக்கு எழுதினாலும் சரி.

அன்புடன்,
அப்பா