எரிக்சனின் பெயருக்கு நடுவே ஓர் எழுத்து

உளவியல் பாடநூல்களைத் தமிழில் எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். கல்வியியல் மாணவர்களுக்கென வந்துள்ள நூல்களில் நான் படித்தவை அனைத்திலும் உளவியலாளர் எரிக் எரிக்சன் மனித வாழ்க்கைக்கு வகுத்த எட்டு வளர்ச்சி நிலைகள் ஓர் அட்டவணையாக இடம்பெற்றுள்ளன. தேர்வுக்கு முந்தைய இரவில் மனப்பாடம் செய்ய அது வசதிதான். ஆனால் குமரப் பருவத்துக்கு நேரே ‘அடையாளம் – பங்குக் குழப்பம்’, அதாவது ‘நான் யார்’ என்ற தேடல், என்று எழுதிய அந்த மனிதர், தம்மைப் பெற்ற தந்தை யார் என்பதைக் கடைசிவரை அறியாமலேயே 1994இல் மறைந்தார் என்ற செய்தி அவற்றுள் ஒன்றிலும் இல்லை.

கோபன்ஹேகனைச் சேர்ந்த யூதப் பெண்ணான கார்லா ஆபிரஹாம்சன், 1902 ஜூன் 15 அன்று ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் அவரைப் பெற்றெடுத்தார். பிரிந்துபோன கணவரின் குடும்பப் பெயரான சாலமன்சன் என்பதே குழந்தைக்கு முதலில் வழங்கியது. அந்தக் கணவர் குழந்தையின் தந்தை அல்லர். மூன்று ஆண்டுகள் கழித்து, கார்ல்ஸ்ருஹே நகரின் குழந்தை மருத்துவர் தியோடோர் ஹோம்பர்கரைக் கார்லா மணந்தபோது, இவரே உன் அப்பா என்று சிறுவனிடம் சொல்லப்பட்டது. நெடிய உருவமும் பொன்னிறத் தலைமுடியும் நீலக் கண்களும் கொண்ட அவனை யூத வழிபாட்டுக் கூடத்தில் பிள்ளைகள் வேற்றினத்தான் என்று கேலி செய்தார்கள். பள்ளியிலோ யூதன் என்று ஒதுக்கினார்கள். வீட்டில் சொல்லப்பட்டதற்கும் கண்ணாடியில் தெரிந்ததற்கும் இடையிலிருந்த முரணை அவனுக்கு விளக்க ஒருவரும் முன்வரவில்லை.

பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாமல், ஓவியராக ஊர் ஊராய்த் திரிந்து, 1927இல் வியன்னாவில் ஒரு சிறு பள்ளிக்கு ஆசிரியராகச் சென்று, அங்கே சிக்மண்ட் பிராய்டின் மகள் அன்னா பிராய்டிடம் உளப்பகுப்பாய்வு (ஆழ்மனத்தை ஆராயும் சிகிச்சை முறை) பயின்றவர் அவர். 1933இல் அமெரிக்காவில் குடியேறி, 1939இல் குடியுரிமை பெற்றபோது, எரிக்கின் மகன் என்று பொருள்படும் ‘எரிக்சன்’ என்ற பெயரைத் தாமே சூட்டிக்கொண்டார். தமக்குத் தாமே தந்தையாகிவிட்டார் என்று இதைப் பலரும் வியந்து சொல்வார்கள். எனக்கு அதில் பெருமிதத்தைவிட ஏக்கமே மிகுதியாகத் தெரிகிறது.

இந்த வரலாற்றை உங்கள் நூல்களில் சேர்க்க வேண்டுகிறேன். சேர்க்கும்போது, துன்பத்தை வென்று மேதையானவரின் கதையாக அதை மெருகேற்றிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 1944இல் டவுன் சிண்ட்ரோம் என்னும் பிறவி மரபணுக் குறைபாட்டுடன் பிறந்த தம் மகன் நீலைக் காப்பகத்தில் விட்ட எரிக்சன், குழந்தை பிறந்ததும் இறந்துவிட்டதாகத் தம் மற்றப் பிள்ளைகளிடம் சொன்னார். நீல் அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் உயிரோடிருந்தான். மருத்துவர்கள் அக்காலத்தில் அப்படித்தான் அறிவுறுத்தினார்கள் என்பது உண்மையே. ஆயினும் பிறப்பைப் பற்றிய பொய்யோடு வளர்ந்தவரே தம் வீட்டிலும் அதே வகைப் பொய்யைச் சொன்னார் என்பதை மாணவர்கள் அறிவது, நாளை வகுப்பறையில் ஒரு குழந்தையின் குடும்ப விவரத்தைக் கேட்டு எழுதப்போகும் அவர்களுக்கு அட்டவணையைவிடக் கூடுதலாகப் பயன்படும் என்று கருதுகிறேன்.

பக்கங்கள் போதாவிடில் அடுத்த பதிப்பில் ஒரு சிறு திருத்தமாவது செய்யுங்கள். அவர் தம் நூல்களில் எரிக் எச். எரிக்சன் என்றே பெயரிட்டுக்கொண்டார். அந்த ‘எச்’, தம்மை வளர்த்த ஹோம்பர்கரின் பெயர். அதை அவர் விட்டுவிடவில்லை. நீங்களும் விடாமல் அச்சிட்டு, அடியில் ஒரு வரி விளக்கமும் தாருங்கள்.

அன்புடன்,
கல்வியியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்